எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள்?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற எவரையும் யாழ்ப்பாணத்தில் இரண்டு கேள்விகள் வரவேற்கும். எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்? வாகனத்திலிருந்து பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வியும் வந்துவிடும். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளைகளை அனுப்பி அனுப்பியே பழகிப்போன ஊரின் வாய்ப்பழக்கம் அது. ஆனால் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஒருவரைப் பற்றிக் கதை வந்தால் அதே கேள்வி குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. எத்தனை நாட்டில் வேலை செய்தவர்? ஏன் ஓரிடத்திலும் நிற்கவில்லை? இங்கேயிருந்து எப்போது கிளம்பப் போகிறார்?

போன வருடம் மாரிக்கு முன்னர், கரையோரக் கிராமம் ஒன்றில் மைதானத்து வேலியோரம் நின்று மட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எழுபது வயது கடந்த ஐயா ஒருவர் நின்றார். தன் காலத்தில் ஊர்க் கழகத்தின் பின்களத்தைக் காத்தவர். தேசிய அணியின் கதை வந்ததும் அவர் குரல் உயர்ந்தது. "தம்பி, பத்து நாட்டில கோச்சா இருந்தவன் எண்டால் என்ன அர்த்தம்? ஒன்பது நாட்டில கலைச்சுப்போட்டாங்கள் எண்டு அர்த்தம். வருவாங்கள், சம்பளத்தை எடுப்பாங்கள், போவாங்கள். எங்கட பெடியளை எங்கட ஆளுக்குத்தான் தெரியும்." சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் தலையாட்டினார்கள். நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, மட்ச் நடந்துகொண்டிருந்தது. இப்போது பேசுகிறேன்.

அது அந்த ஐயா ஒருவருடைய கருத்து என்றால் விட்டுவிடலாம். கழகக் கூட்டங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் பொதுக்கருத்தே அதுதான். பல நாடு சுற்றிய பயிற்றுவிப்பாளர் எங்கும் நிலைக்காதவர், காசுக்கு வந்தவர், எங்களைத் தெரியாதவர். இதை நான் முழுதாக மறுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது இன்னும் பெரிய பிழை என்றும் சொல்கிறேன்.

"ஒன்பது நாட்டில் கலைத்தார்கள்" என்ற கணக்கை முதலில் பார்ப்போம். தெற்காசியாவில் இந்தப் பழியை அதிகம் சுமந்தவர் ஸ்டீபன் கொன்ஸ்டன்டைன். 1962 இல் இலண்டனில் பிறந்தவர், சைப்பிரஸ் வழி வந்தவர். முழங்கால் காயத்தால் ஆட்டக்காரர் வாழ்க்கை இளவயதிலேயே முடிந்துபோனது. பெரிய கழகத்தில் ஆடிய பெயர் இல்லாததால் அந்தப் பெயரைக் காட்டிப் பெரிய இடத்தில் வேலை கேட்கவும் வழியில்லை. 1999 இல் நேபாளத் தேசிய அணியைப் பொறுப்பேற்றார். பிறகு 2002 முதல் 2005 வரை இந்தியா. அதன்பின் இங்கிலாந்தில் மில்வோல் கழகம், மலாவி, சூடான், ருவாண்டா. 2015 இல் மறுபடியும் இந்தியா. 2023 இல் பாகிஸ்தான். இடையிடையே சைப்பிரஸ் கழகங்கள், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்.

இந்த ஊர்ப்பெயர்களை மட்டும் வாசித்தால் ஐயா சொன்னது சரிபோலத் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் நடந்தது வேறு. நேபாளத்துக்குப் போன அதே வருடம் காத்மண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் அந்த அணி இறுதியாட்டம் வரை போய், பங்களாதேஷிடம் ஒரேயொரு கோலால் தோற்று வெள்ளி வென்றது. 2015 இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பியபோது உலகத் தரவரிசையில் அந்த அணி 173 ஆவது இடத்தில் கிடந்தது; 2017 நடுப்பகுதியில் 96 ஆவது இடம். 2019 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தாய்லாந்தை 4–1 என்று வென்றார்கள். 1964 க்குப் பிறகு அந்தக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. பாகிஸ்தான் அதுவரை உலகக்கிண்ணத் தகுதிகாண் போட்டியில் ஒரு முறைகூட வென்றிருக்கவில்லை. 2023 ஒக்டோபர் 17 அன்று இஸ்லாமாபாத்தில் கம்போடியாவை 1–0 என்று வென்றபோது அவர் அங்கே வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன.

அவரை எங்கே கலைத்தார்கள்? 2019 ஆசியக் கிண்ணத்தில் பஹ்ரைனுடனான கடைசி ஆட்டத்தில் சமநிலையே இந்தியாவுக்குப் போதுமாக இருந்தது. மேலதிக நிமிடத்தில் கொடுக்கப்பட்ட பெனால்ரி ஒன்றால் 0–1 என்று தோற்று வெளியேறினார்கள். அன்றிரவே பதவியை விடுவதாக அவரே அறிவித்தார். அதற்கு முன்பும், 2005 இல் முதல்முறை போன பிறகு பத்து ஆண்டு கழித்து அதே இந்தியச் சம்மேளனம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. கலைத்த ஆளைத் திரும்பக் கூப்பிடுவார்களா?

அவருடைய ஆட்டம் அழகில்லை, பந்தைத் தூக்கித் தூக்கி முன்னுக்கு அடிக்கிற ஆட்டம் என்ற குறை உண்டு. அது நியாயமான குறைதான். எனக்கும் அந்த ஆட்டம் பிடித்ததில்லை. ஆனால் அது ஆட்டமுறை பற்றிய விவாதம். மனிதர் எங்கும் நிலைக்காதவர் என்பது வேறு பேச்சு. அந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம்.

இனிக் கலைக்கப்பட்டவர்களையே எடுத்துக்கொள்வோம். அதே தாய்லாந்து, இந்தியாவிடம் தோற்றதற்கு அடுத்த நாளே தன் பயிற்றுவிப்பாளரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் மிலோவான் ராயெவாட்ஸ், சேர்பியர். 2010 உலகக்கிண்ணத்தில் கானாவைக் காலிறுதி வரை கொண்டுபோனவர். ஒரு மாலையின் தொண்ணூறு நிமிடத்தில் அவருக்கு உதைபந்தாட்டம் மறந்துபோயிற்றா? ஆளை மாற்றினால் ஏதோ செய்ததுபோலத் தெரியும் என்பதற்காகவே சம்மேளனங்கள் ஆளை மாற்றுகின்றன. சேர்பியாவின் போரா மிலுட்டினோவிச் ஐந்து உலகக்கிண்ணங்களில் ஐந்து நாடுகளை நடத்தினார்: 1986 இல் மெக்சிகோ, 1990 இல் கொஸ்டாரிக்கா, 1994 இல் அமெரிக்கா, 1998 இல் நைஜீரியா, 2002 இல் சீனா. முதல் நான்கும் முதற்சுற்றைத் தாண்டின. ஐயாவின் கணக்குப்படி இவர் நான்கு நாட்டில் தோற்றவர்.

டாக்காவில் 2018 செப்டெம்பரில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதை மறந்துவிட்டார்கள், அல்லது நினைக்க விரும்பவில்லை. தெற்காசியச் சம்பியன்ஷிப். இலங்கை இருந்த பிரிவில் மூன்றே அணிகள்: இலங்கை, இந்தியா, மாலைதீவு. இந்தியாவை நடத்தியவர் கொன்ஸ்டன்டைன். அவர் கொண்டுவந்தது 23 வயதுக்குட்பட்ட பெடியள் நிறைந்த அணி. மாலைதீவை நடத்தியவர் பேட்டர் ஷெகர்ட் என்ற குரோஷியர். ஜோர்ஜியாவையும் ஆப்கானிஸ்தானையும் நடத்திவிட்டு மாலேக்கு வந்தவர். இலங்கையை நடத்தியவர் பக்கீர் அலி. இலங்கையர்.

இந்தியா இலங்கையை 2–0 என்று வென்றது. மாலைதீவையும் 2–0 என்று வென்றது. இலங்கையும் மாலைதீவும் மோதிய ஆட்டம் 0–0. இரண்டு அணிக்கும் ஒரு புள்ளி. இரண்டும் ஒரு கோலும் போடவில்லை. இரண்டும் வாங்கிய கோல்கள் இரண்டு. பிரித்துப் பார்க்க எதுவும் இல்லாததால் நாணயத்தைச் சுண்டினார்கள். நாணயம் மாலைதீவின் பக்கம் விழுந்தது. இலங்கை ஊருக்குத் திரும்பியது. மாலைதீவு அரையிறுதியில் நேபாளத்தை 3–0 என்றும், செப்டெம்பர் 15 அன்று இறுதியாட்டத்தில் இந்தியாவை 2–1 என்றும் வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

நாணயம் மாறி விழுந்திருந்தால் கிண்ணம் எங்களுக்கு வந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அரையிறுதியில் மாலைதீவு ஆடிய ஆட்டத்தை எங்கள் அணி ஆடியிருக்குமா தெரியாது. நான் சொல்வது ஷெகர்ட் என்ற அந்த மனிதரைப் பற்றி. பிரிவு ஆட்டங்கள் முடிந்த அன்று அவர் நிலை என்ன? வெற்றியில்லை, கோல் இல்லை, ஒரு தோல்வி. நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் மாலே தெருக்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பத்து நாட்டில் கலைக்கப்பட்டவன், சம்பளத்துக்கு வந்தவன் என்றுதான். ஒரு கிழமைக்குள் அவர் அந்த நாட்டின் வீரநாயகர். ஆள் அதே ஆள்தான். பயிற்றுவிப்பும் அதே பயிற்றுவிப்புத்தான்.

எங்கள் பக்கத்தில் இருந்தவரையும் பாருங்கள். "எங்கட ஆளுக்குத்தான் தெரியும்" என்று சொல்கிறவர்கள் பக்கீர் அலியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், காட்டத்தக்க மனிதர். இலங்கைப் பின்களத்தின் தூணாக இருந்த அவர் எண்பதுகளில் டாக்காவின் ஆபஹானி கழகத்துக்கு ஆடப்போனார். அங்கே ரசிகர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே வைத்துக்கொண்டார்கள். பிறகு பயிற்றுவிப்பாளராகவும் பங்களாதேஷ் கழகங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். அவருடைய தொழில் முற்றியது அங்கேதான். டாக்காக்காரர்களுக்கு அவரே வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர். அவர்களும் எங்களைப்போல "உவர் எப்ப போவார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் 2018 இல் எங்களுக்கு அப்படி அனுபவமுள்ள "எங்கட ஆள்" ஒருவர் கிடைத்திருப்பாரா?

சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தியையும் சொல்லவேண்டும். இளவயதில் சுவிற்சர்லாந்தின் பாசல் கழகத்தில் ஆடிய தமிழர். 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர்த் தேசிய அணியை நடத்திவிட்டு, பிறகு லாவோஸ் தேசிய அணியைப் பொறுப்பேற்றார். வியந்தியானில் வேலியோரம் நின்ற கிழவர் ஒருவர் "சுந்தரமூர்த்தி என்றொரு ஆள் வந்திருக்கிறார், எங்கள் பெடியளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்" என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்குமா?

மறுபக்கத்தாரின் பலமான சாட்சியையும் மறைக்கமாட்டேன். மலேசியாவின் கே. ராஜகோபால். அவரும் தமிழர். தன் நாட்டு அணிக்கு 2009 இல் தென்கிழக்காசிய விளையாட்டு விழாவின் தங்கத்தையும், 2010 இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். ஜகார்த்தாவில் நடந்த இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் 1–2 என்று தோற்றும், முதல் ஆட்டத்தின் 3–0 கையில் இருந்ததால் கிண்ணம் மலேசியாவுக்கு. உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளரால் முடியாது என்று நான் எங்கே சொன்னேன்? முடியும் என்பதற்கு ராஜகோபால் சாட்சி. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் உதவமாட்டார் என்பதற்கு அவர் சாட்சி ஆகமாட்டார்.

காசுக் கதை வருகிறது. இதை யாழ்ப்பாணத்தில் பேசும்போதுதான் எனக்கு மனம் கொதிக்கிறது. மத்திய கிழக்குக்குப் போய், பிறகு ஜேர்மனி, பிறகு இலண்டன், கடைசியில் ரொறன்ரோ என்று நாலு நாடு மாறிய சித்தப்பா ஒருவர் இல்லாத குடும்பம் இந்தக் குடாநாட்டில் எத்தனை? அவரை நாங்கள் "எங்கும் நிலைக்காதவர்" என்று சொல்வதில்லை. "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்" என்கிறோம். அவர் அனுப்பிய காசில் வீடு கட்டினோம், தங்கச்சிக்குக் கலியாணம் செய்தோம், கோயில் திருவிழா செய்தோம். கழகத்துக்கு ஜேர்சியும் பந்தும் வந்ததும் அந்தக் காசில்தான். தெரிந்த தொழிலைக் கேட்கிற இடத்துக்குப் போய்ச் செய்து சம்பளம் வாங்குவது எங்கள் ஆள் செய்தால் உழைப்பு, இன்னொருவர் செய்தால் பேராசையா?

மன்னார் தந்த தேசிய அணி வீரர் டக்சன் பியூஸ்லஸ் மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடப்போனார். 2022 பெப்ரவரியில் மாலேயிலேயே உயிரிழந்தார். வடக்கு முழுக்க அழுதது. காசுக்குப் போனவர் என்று அவரை ஒரு வாயும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

உள்ளூரில் எங்கள் பாடசாலைகளிலும் கழகங்களிலும் ஆண்டுக்கணக்காக ஒரு சதமும் வாங்காமல் பெடியளைப் பழக்குகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்பிள்ளைகள் அகில இலங்கைப் பாடசாலைக் கிண்ணங்களைத் திரும்பத் திரும்ப வென்றதற்குப் பின்னால் அப்படிப்பட்ட உழைப்புத்தான் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அவர்களுக்குக் கொடுக்காத குற்றத்தை, கேட்டு வாங்குகிற இன்னொருவரின் தலையில் கட்டாதீர்கள்.

இனி, எங்கள் பெடியளை வெளியாளுக்குத் தெரியாது என்ற கதை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. மொழி தெரியாது, சாப்பாடு தெரியாது, மதியம் வெறும் பாணும் சம்பலும் சாப்பிட்டு வந்து பின்னேரம் ஓடுகிற பெடியனின் வீடு தெரியாது. சரி. தெரிந்த எங்கள் ஆட்கள் என்ன செய்கிறோம்? குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை, ஊரெழு என்று ஊருக்கு ஊர் கழகம் வைத்திருக்கிறோம், அது பெருமைதான். ஆனால் மாவட்ட அணி ஒன்று தெரிவாகும் நாளில் பெயர்ப்பட்டியல் வந்ததும் நாங்கள் எண்ணுவது எதை? எந்த ஊர் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை, எந்தக் கோயிலடி எத்தனை. தெரிவு செய்தவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவர் எந்த ஊர் என்ற கேள்வியிலிருந்து தப்பமுடியாது. வெளியிலிருந்து வருகிறவருக்கு இங்கே ஊர் இல்லை. யாருடைய மருமகன் என்று தெரியாமல் அவர் ஒரு பெடியனின் காலை மட்டும் பார்ப்பார். அவருக்குத் தெரியாத அந்த விஷயங்கள்தான் எத்தனையோ பெடியளை வெளியே இருத்திவைத்தவை.

ஜேர்மனியின் ரூடி குட்டன்டோர்ஃப் இதில் பெரிய உதாரணம். 1926 இல் கோப்லென்ஸில் பிறந்து 2019 இல் காலமானவர். ஐம்பதுக்கு மேற்பட்ட அணிகளை, முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் நடத்தியவர். கின்னஸ் பதிவில் பெயர் உண்டு. நேபாளம், தன்சானியா, பிஜி, சீனா என்று போய்க்கொண்டே இருந்தார். 1999 இல் எழுபது வயதைத் தாண்டியபின் ருவாண்டாவுக்குப் போனார். 1994 இனப்படுகொலை முடிந்து ஐந்தே வருடம். ஹூட்டுப் பெடியளையும் துட்சிப் பெடியளையும் ஒரே அணியில் சேர்த்து ஆடவைக்கிற வேலை அது. உள்ளூரில் அந்த வேலைக்கு யாரைப் பிடித்தாலும் அவர் ஒரு பக்கத்து ஆள். எந்தப் பக்கமும் இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். அத்தனை நாடுகள் பார்த்த அந்தக் கிழவருக்கு அந்தத் தகுதி இருந்தது. போர் கண்ட இந்த மண்ணில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டுமா?

வெளியார் வராத காலம் எப்படியிருந்தது என்று எங்களுக்குத் தெரியும். பாதை பூட்டியிருந்த காலம், மின்சாரம் இல்லாத தொண்ணூறுகள். ஏ 9 வீதி 2002 இல் திறந்து 2006 இல் மறுபடி மூடியது. துரையப்பா மைதானத்தில் 1999 இல் மண்ணைக் கிண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அந்த வருடங்களில் எங்களை எங்கள் ஆட்கள்தான் பழக்கினார்கள். எங்களோடு எங்கள் ஆட்கள்தான் ஆடினார்கள். அவர்களின் தியாகத்தை நான் குறைக்கவில்லை. வெளிச்சம் மங்க மங்கப் பந்தைத் தேடி ஆடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் திறமையான எத்தனையோ கால்கள் குடாநாட்டுக்கு வெளியே ஒரு மட்ச் ஆடாமல் வயதாகிப்போயின. 2016 இல் இந்திய உதவியோடு அதே துரையப்பா மைதானம் திருத்தித் திறக்கப்பட்டது. கதிரையும் கூரையும் வந்தன. கதவு திறந்தபிறகு உள்ளே வருகிறவரிடம் எப்ப போறியள் என்று கேட்கிறோம்.

மறுபக்கத்தாரின் பேச்சில் உண்மையான வலி ஒன்று இருக்கிறது. வந்தவர் போனபின் இங்கே என்ன மிஞ்சுகிறது? பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யாருடைய குற்றம் என்று கேட்கவேண்டும். இலங்கைத் தேசிய அணிக்கு 2018 இல் பக்கீர் அலி. 2020 இல் பொஸ்னியாவில் பிறந்த அவுஸ்திரேலியரான அமிர் அலாகிச். 2022 இல் ஸ்கொட்லாந்தின் அன்டி மொரிசன். 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. அந்தத் தடை வந்தது எந்தப் பயிற்றுவிப்பாளராலும் அல்ல. நிர்வாகத்தில் நடந்த இழுபறியால், வெளித் தலையீட்டால். 2024 இல் குவைத்தின் அப்துல்லா அல் முதைரி. ஆறு வருடத்தில் நாலு பேர். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நெல் விதைத்த வயலை முளை வருமுன் உழுதுவிட்டு, விதை சரியில்லை என்கிறோம்.

முதைரியும் பழி சுமந்து வந்தவர்தான். நேபாளத்தில் இருந்தபோது நிர்வாகத்தோடு மோதினார். அதே காலத்தில் 2021 இல் அந்த அணியை முதல்முறையாகத் தெற்காசியச் சம்பியன்ஷிப் இறுதியாட்டத்துக்கும் கொண்டுபோனார். இலங்கைக்கு வந்து, 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு இரண்டு ஆட்டங்களும் சமநிலையாகி, பெனால்ரியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்கு அணியைத் தாண்டவைத்தார். அந்த அணியில் சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்களும் சேர்ந்தார்கள். உடைமாற்றும் அறையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிகள் கலந்திருக்கும் அணி அது. "எங்கட பெடியள்" என்ற சொல்லுக்குள் இப்போது எத்தனை நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று எண்ணிப்பார்த்துவிட்டு அவரை வெளியாள் என்று சொல்லுங்கள்.

பயிற்றுவிப்பாளர் வந்தபோது அவருக்குப் பக்கத்தில் யாரை இருத்தினோம்? இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்: வடக்கிலிருந்து ஒருவர், கிழக்கிலிருந்து ஒருவர், ஒவ்வொரு பயிற்சிக்கும் அவரோடு நிற்கவேண்டும். அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று தமிழில் கொப்பியில் எழுதவேண்டும். அவர் போகும்போது அந்தக் கொப்பி இங்கே இருக்கவேண்டும். ஆசியச் சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழுக்கு எங்கள் ஆசிரியர்களைச் செலவுகொடுத்து அனுப்பவேண்டும். இதைச் செய்யாத நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது கஷ்டம். ஊரைவிட்டுப் போன ஆளைத் திட்டுவது சுகம். நாங்கள் சுகமானதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மேலே சொன்ன அதே கரையோரக் கிராமத்துக்கு, சில வருடங்களுக்கு முன் ஐரோப்பியர் ஒருவர் இரண்டு கிழமைக்கு வந்தார். புலம்பெயர்ந்த ஊர்க்காரர்களின் ஏற்பாடு. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஐந்தாறு நாடுகளில் சிறுவர் அணிகளைப் பழக்கியவர். 22 பெடியள், மூன்று பந்து. குறிகட்டைகள் கேட்டார், இல்லை என்றதும் முகம் கோணவில்லை. பெடியளின் செருப்புகளைக் கழற்றச் சொல்லி, பத்துப் பத்து அடிக்கு ஒன்றாக வைத்துச் சதுரம் போட்டார். இதை வேறெங்கோ நூறு தரம் செய்த கை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

முதல் பின்னேரம் அவர் எங்களிடம் கேட்டது ஐந்து சொற்கள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டார். எங்கள் மைதானங்களில் பந்து காலுக்கு வருமுன்பே வேலியோரத்திலிருந்து "அடி, அடி" என்ற சத்தம் வந்துவிடும். பெடியன் குனிந்த தலையோடு பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்; வந்ததும் எங்கேயாவது உதைப்பான். அவர் ஒரு பெடியனை நிறுத்தி, தூரத்திலிருந்து பந்தை உருட்டச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னால் போய் நின்று விரல்களைக் காட்டினார். பந்து வந்து சேருமுன் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லவேண்டும். முதல் நாள் ஒருவனாலும் முடியவில்லை. பந்து காலைத் தாண்டி ஓடியது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். மூன்றாம் நாள் "ரெண்டு" என்றான் ஒருவன். பிறகு "நாலு". இரண்டாம் கிழமை விரலைக் காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பிறகு பந்து, பிறகு ஆள் இல்லாத பக்கம் ஒரு தட்டு. இந்தக் குனிந்த தலையை அவர் வேறு நாடுகளிலும் கண்டிருக்கிறார். எங்களுக்கு அது பழகிப்போனதால் கண்ணில் படவேயில்லை.

அவர் போய்விட்டார். வேறு நாட்டுக்கு. பிறகு ஒரு தகவலும் இல்லை; அவர் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஊரில் பலருக்கு வராது.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து அந்தப் பக்கம் போனேன். மைதானத்தின் மூலையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செருப்புகளைச் சதுரமாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்துக்குக் காத்து நிற்க, பின்னால் நின்ற இன்னொருவன் மூன்று விரலைத் தூக்கிப் பிடித்தான். "மூண்டு!" என்று கத்திக்கொண்டே இவன் பந்தை எடுத்தான். அந்த ஐரோப்பியர் வந்தபோது இவர்கள் பந்து தொடுகிற வயதில்லை. கிட்டப் போய், இதை ஆர் உங்களுக்குப் பழக்கினது என்று கேட்டேன்.

"அண்ணாமார்" என்றான்.